குறைமாதக் குழந்தையின் மூளைநீரும் ரத்தக்கசிவின் தேதியும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தை. மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. சில வாரம் கழித்து தலை பெரிதாகிறது, நீர் கோத்துக்கொண்டது என்கிறார்கள். நீரை எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டில் 100 மில்லிக்கு சர்க்கரை 18 மில்லிகிராம், புரதம் 620 மில்லிகிராம், வெள்ளணு 60. பார்த்தவுடன் ஒருவர் மூளைக்காய்ச்சல் என்கிறார். இன்னொருவர் இது பழைய ரத்தம் செய்கிற வேலை என்கிறார். முதலாமவர் சொன்னதுதான் சரியென்றால் குழந்தைக்கு மூன்று வாரம் கிருமிக்கொல்லி ஊசி. இரண்டாமவர் சொன்னது சரியென்றால் ஊசியே தேவையில்லை. எண்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு தகவல் மட்டும் அந்தத் தாளில் இல்லை. ரத்தம் கசிந்தது எந்தத் தேதியில்?

அந்தத் தேதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ்களும் லேப் டெக்னீஷியன்களும் மனதில் இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நாள்கணக்கில் நிற்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாதது எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த நீர் என்னவென்று பார்ப்போம். மூளைத்தண்டுவடத் திரவம் என்பது புத்தகப் பெயர். வார்டில் சி.எஸ்.எஃப். என்பார்கள். மூளைநீர் என்றே சொல்கிறேன். மூளைக்கு உள்ளே அறைகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கோராய்டு பின்னல் என்னும் ரத்தக்குழாய்க் கொத்துதான் இந்த நீரில் பெரும்பங்கைச் சுரக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குச் சுரக்கும், ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய 150 மில்லிதான். அப்படியென்றால் நாளுக்கு மூன்று நான்கு முறை நீர் மாறிக்கொண்டே இருக்கிறது. பக்க அறைகளிலிருந்து மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக நான்காம் அறைக்கும், பிறகு மூளையின் மேற்பரப்புக்கும் போய் ரத்தத்தில் கலக்கிறது. பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வரை ஓடும் காலிங்கராயன் வாய்க்காலை நம்மவர்கள் அறிவார்கள். கடைமடையில் வண்டல் சேர்ந்தால் தலைமடையில் தண்ணீர் ஏறும். மூளைநீருக்கும் அதே விதிதான். மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய குழாய்தான் பாதையிலேயே குறுகலான இடம். ரத்தக்கட்டி அங்கே அடைக்கலாம். இல்லையென்றால் மேற்பரப்பில் நீர் ரத்தத்தில் கலக்கும் இடங்கள் வாரக்கணக்கில் தழும்பேறி அடையலாம். பெரும்பாலும் இரண்டும் கலந்தே நடக்கிறது.

ரத்தம் எங்கிருந்து வருகிறது? குறைமாதக் குழந்தையின் பக்க அறைகளின் சுவரை ஒட்டி, ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்றொரு மெல்லிய பகுதி உண்டு. புது மூளைச் செல்கள் உருவாகும் நாற்றங்கால் அது. அங்குள்ள ரத்தக்குழாய்களுக்குச் சுவர் மிக மெலிது. 32 முதல் 34 வார வாக்கில் அந்தப் பகுதியே சுருங்கிவிடும். அதற்குள் பிறந்துவிட்ட குழந்தைக்கு ரத்த அழுத்தமோ கரியமில வாயுவின் அளவோ ஏறி இறங்கினால் அந்தக் குழாய்கள் கிழிகின்றன. பெரும்பாலான கசிவுகள் பிறந்து 72 மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். தலை ஸ்கேனில் தெரியும் கசிவை நான்கு நிலையாகப் பிரிக்கும் வழக்கம் 1978-இல் வந்தது. மூன்றாம் நிலையில் ரத்தம் நிறைந்து அறைகள் விரிந்திருக்கும், நான்காம் நிலையில் மூளைத் திசுவுக்குள்ளும் ரத்தம் இருக்கும். நீர் கோக்கும் ஆபத்து இந்த இரண்டில்தான் அதிகம்.

இனி நீரின் வேதியியல்.

ரத்தமே கசியாத குறைமாதக் குழந்தையின் மூளைநீர்கூட, பெரியவர்களின் அளவுகோலில் பார்த்தால் கெட்டுப்போனதாகத் தெரியும். பெரியவர்களுக்குப் புரதம் 100 மில்லிக்கு 15 முதல் 45 மில்லிகிராம். குறைமாதக் குழந்தைக்கு 65 முதல் 150 வரை இருப்பது இயல்பு, சராசரி 115 என்பது பழைய, இன்றும் கையாளப்படும் கணக்கு. சர்க்கரை 24 முதல் 63 வரை, சராசரி 50. வெள்ளணு 20, 25 வரை இருக்கலாம். பல லேப்களில் கம்ப்யூட்டர் அச்சிடும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பெரியவர்களின் இயல்பு அளவுதான் இருக்கும். அதனோடு ஒப்பிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அதிகம் என்று மிஷினே அடித்துத் தள்ளிவிடும். ஆகவே முதல் வேலை, அந்த ஓரத்து அளவைப் பொருட்படுத்தாமல் குழந்தையின் கர்ப்ப வாரத்தைப் பார்ப்பது. வாரம் கூடக்கூட, மாதம் ஏற ஏற, இயல்பான புரதம் இறங்கிக்கொண்டே வரும்.

ரத்தம் கசிந்த பிறகு அந்த நீர் ஒரு நாட்குறிப்பு மாதிரி. முதல் நாளில் சிவப்பணுக்கள் ஆயிரக்கணக்கில், சில வேளை லட்சக்கணக்கில் இருக்கும். சில மணி நேரத்திலேயே அணுக்கள் உடையத் தொடங்கி, உள்ளிருந்த ஹீமோகுளோபின் வெளியே வரும். சோதனைக் குழாயைச் சுழற்றியில் வைத்து எடுத்தால் மேலே நிற்கும் தெளிவான பகுதி வெளிர்ச் சிவப்பாக இருக்கும். ஏறக்குறைய அரை நாள் கழித்து மஞ்சள் தட்டும், ஹீமோகுளோபின் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியாக மாறுகிற அடையாளம். வாரம் போகப்போகச் செந்தவிட்டு நிறம், பிறகு மஞ்சள், மாதங்கள் கழித்துத் தெளிவு. திருப்பூர்க்காரர்களுக்கு சாயத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பட்டறை, எந்தச் சாயம் என்று ஒரு யூகம் வரும். அதே கண்ணோடு இந்த நீரையும் பார்க்கலாம், ஆனால் யூகம் யூகம்தான். குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை இருந்தாலும் நீர் மஞ்சளாகும். புரதம் 150-ஐத் தாண்டினாலே ஒரு மஞ்சள் சாயல் வந்துவிடும். ஆகவே நிறத்தை எழுதுகிற டெக்னீஷியன், அன்றைய ரத்த பிலிரூபின் எவ்வளவு என்றும் கேட்டு எழுதினால் பெரிய உதவி.

சர்க்கரைக்கு வருகிறேன். இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அறைகளுக்குள் கணிசமாக ரத்தம் கசிந்த பல குழந்தைகளுக்கு மூளைநீரின் சர்க்கரை 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. 10, 15 கூட வரும். வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். ரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே இது நடக்கிறது. காரணம் ஒன்றல்ல. ரத்தத்திலிருந்து மூளைநீருக்குச் சர்க்கரையைக் கடத்தும் புரதங்கள் சரியாக வேலை செய்யாமல் போகின்றன என்பது ஒன்று. உள்ளே மிதக்கும் அணுக்களும் எரிச்சலுற்ற திசுக்களும் சர்க்கரையைக் காற்றில்லா வழியில் எரித்துத் தீர்க்கின்றன என்பது இன்னொன்று. அதனால்தான், அப்படி எரித்ததில் மிஞ்சும் லாக்டேட் பக்கத்தில் ஏறுகிறது. மூளைக்காய்ச்சலிலும் சர்க்கரை இறங்கி லாக்டேட் ஏறும் என்பதால், இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? வரிசையை வைத்து. பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை எடுத்ததில் சர்க்கரை 22, 19, 24 என்று ஒரே மட்டத்தில் நின்று, வெள்ளணு 70, 55, 40 என்று இறங்கிக்கொண்டே வந்தால், அது பழைய ரத்தத்தின் போக்கு. 45-இல் இருந்த சர்க்கரை திடீரென்று 15-க்கு விழுந்து, வெள்ளணு 40-இலிருந்து 600-க்குத் தாவி, அதில் கிருமியை எதிர்க்க முதலில் வரும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு வகை முக்கால் பங்கு என்றால், கிருமியை நினைத்தே ஆக வேண்டும். கூடவே குழந்தையைப் பார்க்க வேண்டும். உடல் வெப்பம் நிலையாக இல்லையா, மூச்சு அடிக்கடி நிற்கிறதா, பால் தங்குகிறதா, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறுகிறதா, தட்டணு இறங்குகிறதா? கிராம் சாயம் போட்டுப் பார்த்ததில் கிருமி தெரிந்ததா, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வளர்ந்ததா? கடைசித் தீர்ப்பு கல்ச்சரிடம்தான்.

குழந்தை தளர்ந்திருந்தால் கல்ச்சருக்காகக் காத்திருக்கக்கூடாது. மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். ஆனால் 48 மணி முதல் 72 மணிக்குள் கல்ச்சரில் எதுவும் வளராமல், குழந்தையும் தெளிவாக இருந்தால் நிறுத்துகிற துணிச்சலும் வேண்டும். கிளெப்சியெல்லா, ஈ-கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் கிருமிகளால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு மருத்துவம் குறைந்தது 21 நாள். சர்க்கரை ஏறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த 21 நாளைத் தொடங்குவதும், 21 நாள் முடிந்த பிறகும் ஏறவில்லையே என்று நீட்டிப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. பழைய ரத்தம் தன் வேகத்தில்தான் கரையும், ஊசி அதை விரட்டாது. அந்த நாள்களில் நரம்பில் கிடக்கும் ஊசிக்குழாயே புதுக் கிருமிக்கு வாசலாகிவிடும்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் 500 அல்லது 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்று கழித்துக் கணக்குப் போடுவார்கள். அன்றைக்கே கலந்த புது ரத்தத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மூன்று வாரத்துக்கு முன் கசிந்த ரத்தத்துக்குப் பொருந்தாது. சிவப்பணுக்கள் உடைந்து காணாமல் போயிருக்கும், அவற்றை அப்புறப்படுத்த வந்த வெள்ளணுக்கள் இருக்கும். கழித்தால் கணக்கு தலைகீழாகும். இங்கே நுண்ணோக்கியில் பார்க்கிற டெக்னீஷியனின் கண்தான் பெரிது. இரும்புத் துகள்களை விழுங்கிய மேக்ரோபேஜ் செல்கள் தெரிந்தால் ரத்தம் பழையது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பாமல் அதையும் எழுதுங்க.

புரதம் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பது எளிது. ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே புரதம் மூளைநீரைவிடப் பல மடங்கு. அதில் கொஞ்சம் கலந்தாலே போதும். கூடவே உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினும், அழற்சியால் கசியும் புரதமும் சேர்கின்றன. 300, 600, சில வேளை 1000-ஐயும் தாண்டும். இந்த அளவில் அளக்கும் முறையே தடுமாறும். பைரோகலால் ரெட் போன்ற சாய முறைகளுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டிய எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் போடாமல், மாதிரியைச் சலைனில் நீர்த்து மறுபடி ஓட்டி, நீர்த்த மடங்கால் பெருக்கித் தர வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் போன வாரம் 480, இந்த வாரம் 470 என்று வரும், உண்மையில் போன வாரம் 900 இருந்திருக்கும். புரதம் பாதியாக இறங்கியதே தெரியாமல் போகும்.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த எண் வராது என்றாலும் சேதத்தின் வேர் அங்கே இருக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சிந்தினால் பிடித்துக் கொண்டுபோக ஹாப்டோகுளோபின் என்றொரு புரதம் உண்டு. மூளைநீரில் அது மிகக் குறைவு. ஆகவே சிந்தியது சிந்தியபடியே கிடக்கிறது. ஹீம் உடைந்து இரும்பு வெளிவருகிறது. எந்தப் புரதத்தோடும் சேராமல் தனியே திரியும் இரும்பு, இந்தக் குழந்தைகளின் மூளைநீரில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினும் ஏறியிருக்கும். தனி இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்கள், நரம்புக்கு உறையாக வளரவேண்டிய இளம் செல்களைத் தாக்குகின்றன. அறைச்சுவரில் நீரைத் தள்ளிவிடும் நுண்மயிர்களும் கெடுகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் காரணி ஏறுகிறது, அது தழும்பை வளர்த்து வடிகாலை அடைக்கிறது. எலிகளில் நடந்த ஆய்வொன்றில் ரத்தத்தால் வந்த அழற்சி நீர்ச் சுரப்பையே கூட்டியது என்றும் 2017-இல் தெரிந்தது. அதாவது வடிகால் அடைபடும் நேரத்தில் ஊற்றும் பெருகலாம்.

இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் ஆய்வு நிலையில் இருக்கின்றன, வார்டுக்கு வரவில்லை. பழைய ரத்தத்தைக் கழுவியே எடுத்துவிடலாமே என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் குழு முயன்றது. மொத்தம் 77 குழந்தைகள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். மற்றவர்களுக்கு அறைகளுக்குள் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்து, ஒரு பக்கம் செயற்கை மூளைநீரை உள்ளே விட்டு, மறுபக்கம் வடியவிட்டார்கள். புதிதாக ரத்தம் கசிவது கூடியதால் 2006-இல் ஆய்வில் புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது இறப்பும் கடும் குறைபாடும் சேர்த்து, கழுவப்பட்டவர்களில் 54 சதவீதம், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 71 சதவீதம். பத்து வயதிலும் அறிவாற்றலில் அந்தப் பலன் தெரிந்தது. எல்லா இடத்திலும் செய்யக்கூடிய முறை அல்ல. ஆனால் பழைய ரத்தத்தை உள்ளேயே விட்டுவைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மருந்தால் சுரப்பைக் குறைக்கலாம் என்று அசெட்டசோலமைடும் ஃபுரோசமைடும் ஒரு காலத்தில் கொடுத்தார்கள். 1998-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் பலன் இல்லை, தீங்குதான் என்று தெரிந்தது. ரத்தத்தில் அமிலம் கூடும், சிறுநீரகத்தில் கால்சியம் படியும். இன்றைக்கு இந்த இரண்டையும் இதற்காகக் கொடுக்க நியாயம் கிடையாது.

சரி, நீரை எடுக்கிற வேலைக்கு வருவோம். ஸ்கேனில் அறைகளின் அகலத்தை அளந்து, அந்த வார வயதுக்கான 97-ஆம் சதமான கோட்டை, அதாவது நூறு குழந்தைகளில் 97 பேர் அதற்குக் கீழே இருக்கும் அளவை, தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் 4 மில்லிமீட்டர் போன பிறகே நீரை எடுப்பது பழைய வழக்கம். அதற்கு முன்பே தலையிடலாம் என்ற பக்கம் ஐரோப்பிய ஆய்வுகள் சாய்கின்றன. முதலில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, கிலோவுக்கு 10 மில்லி கணக்கில், இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்ப்பார்கள். நிற்கவில்லை என்றால் தலைத்தோலுக்கு அடியில் ரிசர்வாயர் என்னும் சிறு குமிழை வைத்து, அதன் வழியாக எடுப்பார்கள்.

1200 கிராம் குழந்தை என்றால் ஒரு முறைக்கு 12 மில்லி. தோலைக் கிருமிநாசினியால் துடைத்து முழுதும் காயவிட வேண்டும். 25 அல்லது 27 கேஜ் பட்டாம்பூச்சி ஊசி, ஒவ்வொரு முறையும் குத்துகிற இடத்தைக் கொஞ்சம் மாற்றி. வேகம் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மில்லிக்கு மேல் போகக்கூடாது, ஆகவே 12 மில்லிக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகட்டும். அவசரப்பட்டு உறிஞ்சினால் அழுத்தம் திடீரென்று விழுந்து, இதயத்துடிப்பு குறையும், மூச்சு நிற்கும், நொய்ந்த குழாய்கள் மறுபடி கிழியும். உச்சிக்குழி சமமட்டத்துக்கு வந்தால் போதும், குழிந்துபோகிற அளவுக்கு எடுக்கக்கூடாது. ஊசியை எடுத்தபின் இரண்டு நிமிடமாவது பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஊசித்துளை வழியே நீர் கசியும், கசிகிற இடத்தில் கிருமி நுழையும்.

நாள்தோறும் இப்படி எடுத்தால் உப்பு போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூளைநீரில் சோடியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். 12 மில்லியில் 1.7 மில்லிமோல். அந்தக் குழந்தைக்கு நாளுக்குத் தேவையே கிலோவுக்கு 3 முதல் 5, அதாவது மொத்தம் 3.6 முதல் 6 வரை. தேவையில் கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய பாதி வரைகூட, ஊசி வழியாகவே போய்விடலாம். தாய்ப்பாலில் சோடியம் குறைவு என்பதால் பாலால் மட்டும் அது ஈடாகாது. இரண்டு வாரத்தில் ரத்த சோடியம் 125-க்கு வந்து, குழந்தை துவண்டு, வலிப்பும் வரலாம். தலையில் அழுத்தம் ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் நீரை எடுத்தால் இன்னும் மோசம். நாள்தோறும் நீர் எடுக்கும் குழந்தைக்கு வாரம் இரண்டு முறையாவது ரத்த சோடியம் பார்த்து, போன கணக்கை ஈடுகட்டிக் கொடுக்க வேண்டும். புரத இழப்பு அவ்வளவு பெரிதல்ல. 100 மில்லிக்கு 500 மில்லிகிராம் என்றாலும் 12 மில்லியில் 60 மில்லிகிராம்தான். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஆல்புமினையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த மாதிரியை எப்படி அனுப்புவது? மூன்று குழாய். முதலாவது கல்ச்சருக்கு, கிருமியற்ற குழாயில், இதை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. இரண்டாவது சர்க்கரைக்கும் புரதத்துக்கும். மூன்றாவது செல் எண்ணிக்கைக்கு. ஒவ்வொன்றிலும் அரை மில்லி முதல் ஒரு மில்லி போதும். மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலாவது சிவப்பாகி மூன்றாவது தெளிந்தால் ஊசியால் வந்த ரத்தம். மூன்றும் ஒரே நிறமென்றால் உள்ளே இருந்த ரத்தம்.

சர்க்கரைக் குழாய் சோடியம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயாக இருக்க வேண்டும். ஃபுளோரைடு இல்லாத குழாயில் அணுக்கள் வழியெல்லாம் சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும். கோபியில் எடுத்த மாதிரி பஸ்ஸில் கோவைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அந்தப் பை சூடாகவும் இருக்கும். அங்கே 35 இருந்தது இங்கே 20 என்று வந்தால் அது குழந்தையின் சர்க்கரை அல்ல, பயணத்தின் சர்க்கரை. செல் எண்ணிக்கையும் அப்படித்தான். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மணி நேரத்தில் பாதி, அழிந்துவிடும். சர்க்கரையும் நியூட்ரோபிலும் சேர்ந்து குறைந்தால் உண்மையான மூளைக்காய்ச்சல்கூட பழைய ரத்தம் என்று தோன்றிவிடும். ஆகவே செல் எண்ணிக்கையை உள்ளூர் லேபிலேயே அரை மணி நேரத்துக்குள் எண்ணிவிடுங்கள். கோவைக்கு அனுப்புவது புரதத்துக்கும் கல்ச்சருக்கும் மட்டும் இருக்கட்டும்.

ரத்தச் சர்க்கரையை மூளைநீர் எடுப்பதற்கு அரை மணி முன்பாகவே எடுக்க வேண்டும். ஊசி குத்தி அழும்போது ரத்தச் சர்க்கரை ஏறிவிடும், விகிதம் பொய்யாகும். குளுக்கோஸ் ஓடுகிற கையிலிருந்து எடுத்தாலும் அதே பிழை. கசிவில்லாத குறைமாதக் குழந்தைக்கு மூளைநீர்ச் சர்க்கரை, ரத்தச் சர்க்கரையில் 55 சதவீதத்துக்குக் குறைவதில்லை. சில குழந்தைகளுக்கு இரண்டும் சமமாகவே இருக்கும்.

கோரிக்கைத் தாளில் எழுத வேண்டியவை: கர்ப்ப வாரம், பிறந்து எத்தனை நாள், ரத்தம் கசிந்தது ஸ்கேனில் தெரிந்த தேதி, எத்தனையாவது நிலை, நீர் முதுகிலிருந்தா ரிசர்வாயரிலிருந்தா, எடுத்த நேரம், ரத்தச் சர்க்கரை, கிருமிக்கொல்லி தொடங்கிவிட்டதா. முதுகிலும் அறையிலும் ஒரே நாளில் எடுத்தாலும் புரதம் ஒன்றாக இருக்காது, அடைப்பிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. இடத்தை எழுதாமல் இரண்டையும் ஒரே வரிசையில் கோத்தால், இல்லாத ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

ஷண்ட் வைப்பதைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். மூளை அறையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய். குழந்தை இரண்டு, இரண்டரை கிலோ எட்டும்வரையும், நீர் தெளியும்வரையும், புரதம் 150, 200-க்கு இறங்கும்வரையும் காத்திருப்பது வழக்கம். எடைக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு, தோல் மெலிந்த குழந்தைக்குக் குழாயின் மேல் தோல் கிழிகிறது, கிருமி புகுகிறது. கட்டி கலந்த நீர் வால்வை அடைக்கும் என்பதும் சரி. புரதம் மட்டுமே குழாயை அடைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை. ஆகவே மற்ற எல்லாம் சரியாகி, தலை வளர்ந்துகொண்டே இருக்கும் குழந்தையை, புரதம் 230-இல் நிற்கிறது என்பதற்காக இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் தயாராகும் சாப்ரா ஷண்ட் வெளிநாட்டுக் குழாய்களைவிட மிக மலிவு. உகாண்டாவில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் விளைவில் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு வேதியியலும் தேவைப்படாமல் போவதுதான் நல்லது. 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒரு முறை, நான்கு ஊசி. நுரையீரலுக்காகக் கொடுப்பது என்றாலும் மூளைக் கசிவையும் குறைக்கிறது. முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு 108-இல் அனுப்பலாம். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டிய குழந்தை, தாயின் வயிற்றுக்குள் இருந்தபடியே வருவதுதான் நல்லது. பிறந்த பிறகு பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது அதற்கு ஈடாகாது. பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் குறைந்தது 60 வினாடி பொறுத்து வெட்டுவது, முதல் மூன்று நாள் தலையை நேராக வைத்திருப்பது, சலைனை வேகமாக ஏற்றாமல் இருப்பது, இவையும் உதவும்.

வீட்டுக்குப் போன பிறகு அம்மிச்சிகளிடம் ஒரு வேண்டுகோள். குளிப்பாட்டும்போது தலையை உருட்டி வடிவம் பிடிக்க வேண்டாம். ரிசர்வாயரோ ஷண்டோ உள்ள இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்த வேண்டாம். தலைச் சுற்றளவை நீளாத டேப்பால், புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் புடைப்பிலும் பட, மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். ஒன்பது மாதக் கணக்கு நிறைந்த பிறகு முதல் மூன்று மாதம் வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. அதைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனாலோ, உட்காரவைத்த நிலையிலும் உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தாலோ, கண்மணி கீழே தாழ்ந்து மேலே வெள்ளை தெரிந்தாலோ, பால் திரும்பத் திரும்ப வாந்தியானாலோ அன்றைக்கே வாங்க, மறுநாள் வரை பார்க்க வேண்டாம். வரும்போது மஞ்சப்பையில் இருக்கிற எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு வாங்க. ரத்தம் கசிந்த தேதி எழுதிய முதல் ஸ்கேன் தாள் மேலே இருக்கட்டுங்க.